கெங்காவின் முதல் வாய்

ராயபுரத்துக் கடற்கரையில், தன் குடிசையின் கீற்றுச் சுவருக்கு வெளியே அங்கம்மா மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். நாளையிலிருந்து அவள் மீன்கூடையோடு டிராம் ஓடும் தெருக்கள் வரை போயாக வேண்டும். எட்டு மாதக் கெங்காவோ தாய்ப்பாலைத் தவிர எதையும் தொடுவதில்லை. அம்மா கண்ணில் பட்டால் மார்பைத் தேடி அழுவாள். அதனால்தான் இந்த ஒளிவு. கீற்றின் இடுக்கில், புள்ளி புள்ளியாய் வெயில் விழுந்த தரை தெரிகிறது. கட்டுமரத்திலிருந்து வந்த கையோடு, உப்புப் பூத்த முதுகுடன் புருஷன் குமாரவேல் மகளை மடியில் வைத்து, முள் எடுத்த கிழங்கா மீனைச் சோற்றில் பிசைந்து ஊட்டுகிறான். கெங்கா ‘ப்பூ’ என்று துப்புகிறாள். பருக்கைகள் அவன் மீசையில் ஒட்டுகின்றன. “இன்னாமே, நைனா மூஞ்சிலயே துப்புற? உனுக்கு வாணாமா? நானே துன்றேன் போ” என்று ஒரு கவளத்தைத் தன் வாயில் போட்டுச் சப்புக்கொட்டுகிறான். துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதுகிறது. கெங்கா திரும்பவில்லை. அசையும் அந்த மீசையையே பார்த்தவள், எட்டி ஒரு பருக்கையைப் பிடுங்கித் தன் வாயில் வைக்கிறாள். முகம் சுளிக்கிறாள், சப்புகிறாள், விழுங்குகிறாள். மறுபடியும் கை நீட்டுகிறாள். குமாரவேல் கடல் பக்கம் திரும்பிக் குப்பமே கேட்கக் கூவுகிறான்: “ஏ அங்கம்மா! எங்கமே கீற? துன்னுட்டாமே, உம் பொண்ணு துன்னுட்டா!” இரண்டு முழம் தள்ளி அங்கம்மா முந்தானையைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறாள். பால் சுரந்து மார்புச் சேலை நனைகிறது. ஓடிப்போய் வாரியெடுக்கக் கை பரபரக்கிறது. இன்னும் நாலு வாய் உள்ளே போகட்டும் என்று அசையாமல் நிற்கிறாள்.