பிள்ளைக்காரி சோறு

“எனக்கும் பால்சுறாப் புட்டு வேணும், அத்த.”

பெத்தம்மாள் கையிலிருந்த அகப்பை சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. இந்த ஒரு பேச்சை மட்டும் இந்த வீட்டில் எடுக்கவே கூடாது என்று சின்ன மருமகள் வேலாயியிடம் அவள் சத்தியமே வாங்கியிருந்தாள்.

“என்னாடி கேட்ட?”

“காதுல விழுந்துச்சுல்ல. சுறாப் புட்டு. பூண்டு நெறையப் போட்டு.”

“அது புள்ளக்காரி சோறுடி! பால் ஊறத் திங்கிறது. ஒனக்கு எதுக்கு?”

வேலாயி தன் தட்டைக் காட்டினாள். விடியுமுன்னே போய் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்து, வாளி சுமந்து, தோள் காய்த்துத் திரும்பியவள். அவள் தட்டில் அவித்த மரவள்ளிக் கிழங்கும் தெளிவான ரசமும். ரசத்தில் பருப்பைத் தேடினால் கண்தான் வலிக்கும்.

எதிரே பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள் மூத்த மருமகள் குஞ்சம்மா. காதைச் சுற்றித் துணிக்கட்டு. மடியில் பிள்ளை. தட்டில் சுறாப் புட்டு, பயறு போட்ட முருங்கைக்கீரை, ஓரத்தில் வழுவழுவென்று அவித்த முட்டை. கல்யாணமாகிப் பத்து வருஷம் வெறும் மடியோடு இருந்தவளுக்கு இந்த இரண்டு மாதத்தில் கன்னம் உப்பி, கழுத்தில் சதை மடிப்பு விழுந்திருந்தது.

வேலாயிக்கு வயிறு எரிந்தது. முட்டையைப் பார்த்து எரிந்ததா, மடியைப் பார்த்து எரிந்ததா என்று கேட்டால், இரண்டும்தான்.

“அவளுக்கும் ஒரு வாய் குடுங்களேன், அத்த” என்றாள் குஞ்சம்மா, மெல்லுவதை நிறுத்தாமல்.

“நீ சும்மா தின்னு! தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் புதுசா வந்த யாழ்ப்பாணத்து டிரசரய்யா என்னா சொன்னாரு? புள்ளயத் தூக்கிப் பாத்த ஒடனே, ‘தாய்க்குச் சத்துக் காணாது. கிழங்கும் கஞ்சியும் போதாது. மீன், முட்டை, பயறு நல்லாக் குடுங்கோ’ன்னு சொன்னாரா இல்லையா? அதுக்குத்தான மலாக்கா மீன் பாசார்லேந்து பஸ்ஸுல சுறா வரவழைக்கிறேன்!”

“சொன்னாரு. யாருக்குக் குடுக்கச் சொன்னாரு?” என்றாள் வேலாயி.

“தாய்க்கு!” பெத்தம்மாள் பல்லைக் கடித்தாள். “மெதுவாப் பேசு. யார் காதுல விழும்னு தெரியுமா ஒனக்கு?”

“விழட்டும். மரம் வெட்டுறவளுக்கு ரசத்தண்ணி, கால் நீட்டி ஒக்காந்திருக்கவளுக்குச் சுறாவா?”

“பொறாமை புடிச்சவளே! ஓரகத்தி தட்டுல ஒரு கண்ணு, மடியில ஒரு கண்ணு. ஒன் கண்ணு பட்டுத்தான் புள்ள தேறமாட்டேங்குது.”

பிள்ளை தேறவில்லை என்பது உண்மைதான். முட்டையிலிருந்து வெளிவந்த கோழிக்குஞ்சு மாதிரி கழுத்து நீண்டு, விலா எலும்பு தெரியக் கிடந்தது.

“அக்கா இம்புட்டுத் தின்னும் புள்ள ஏன் அத்த இப்படி இருக்கு?” என்றாள் வேலாயி.

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை அழ ஆரம்பித்தது. அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது. பூனை முனகுவதுபோல ஒரு சத்தம். குஞ்சம்மா டின் பாலைச் சங்கில் கரைத்து வாயில் விட்டாள். பாதி கடைவாயில் வழிந்தது.

“அழாதடா என் தங்கம். அம்மா இருக்கேன்ல” என்று கொஞ்சினாள்.

அந்த ‘அம்மா’ வேலாயியின் நெஞ்சில் வெட்டுக்கத்தியாய் இறங்கியது. முதல் வாரத்தில் இந்த வார்த்தையைச் சொல்லக் குஞ்சம்மாவுக்கு நாக்குக் கூசும். இப்போது கூசவில்லை. சொல்லிச் சொல்லிப் பழகி, அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள்.

“பால் பத்தல போலருக்கு, அத்த” என்றாள் குஞ்சம்மா.

“அப்ப இன்னொரு முட்டை தின்னு” என்று பெத்தம்மாள் உரித்து, குஞ்சம்மாவின் தட்டில் வைத்தாள். “புள்ளைக்குத்தான் போய்ச் சேரும்.”

வேலாயி சிரித்துவிட்டாள். அடிவயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. கேட்கவே நன்றாக இல்லை. கிழங்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனாள்.

“போகட்டும் விடு. பசிச்சா தானா வருவா” என்றாள் பெத்தம்மாள்.

வந்தாள். கையில் மரப்படி. கோழிகளுக்கு வைத்திருந்த பானையிலிருந்து தவிட்டை அள்ளி, தலை தட்டாமல் கோபுரமாக நிறைத்துக்கொண்டு வந்து, குஞ்சம்மாவின் காலடியில் பாயின் மேல் கொட்டினாள்.

பெத்தம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “அடிப் பாவி! எமன் காதுல விழுந்துரும்டி! இதையும் கொண்டு போயிருவான்!”

வேலாயி குனிந்து பிள்ளையைத் தூக்கினாள். குஞ்சம்மாவின் கைகள் பிள்ளையை ஒருகணம் இறுக்கின, பிறகு தாமாகவே விட்டன. காலையிலேயே கட்டி வைத்த துணிமூட்டை வாசற்படியில் இருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டு, மூட்டையை இடுக்கிக்கொண்டு, அலோர் காஜாவில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போகும் செம்மண் பாதையில் இறங்கியவள், திரும்பாமலே சொன்னாள்:

“மொத ரெண்டு புள்ளயும் தங்கலன்னு, எமனை ஏமாத்த, நான் பெத்த அன்னிக்கே இவன ஒரு படி தவிட்டுக்குக் குஞ்சம்மா அக்காவுக்கு வித்தீங்க. விளக்க அணைச்சுட்டு ராத்திரியில நான் திருட்டுத்தனமாக் குடுக்குற பாலும் இப்ப வத்திக்கிட்டே வருது, அத்த. தவிட்டத் திருப்பிக் குடுத்துட்டேன், எம் புள்ளய நான் கொண்டு போறேன்.”