இருபத்தேழாம் குப்பி

"டாக்டர், இந்த இருபத்தேழைக் கொஞ்சம் வந்து பாருங்களேன்."

பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷமாக வேலை பார்ப்பவள் அவள். எல்லோருக்கும் லேப் அக்கா. காரணமில்லாமல் கூப்பிட மாட்டாள். ஆனாலும் டாக்டர் கணினியை விட்டு எழுந்திருக்கவில்லை. தன் ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தொற்றுநோய், பொது சுகாதாரம் என்று இதுவரை நாற்பத்தொன்பது. கடைசியில் '50' என்று அடித்துவிட்டு எதிரே காலியாக விட்டிருந்தார். துறைத் தலைவர் பதவிக்கு ஐம்பது வேண்டும். திங்கட்கிழமை நேர்முகம்.

"பாசிட்டிவா?" என்றார்.

"சும்மா பாசிட்டிவ் இல்லை. கோடு கரேல்னு விழுந்திருக்கு."

டாக்டரின் முகம் மலர்ந்தது. ஐம்பதாவது கட்டுரையே இந்தப் புதுப் பரிசோதனையைப் பற்றியதுதான். எலிக் காய்ச்சலை ஒரு சொட்டு ரத்தத்தில், ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும் பட்டை. வார்டில் படுத்திருந்த இருபது நோயாளிகள், நோயில்லாத இருபது பேர் என்று நாற்பது பேரிடம் ரத்தம் எடுத்தாயிற்று. குமாஸ்தா குப்பிகளைக் கலைத்துப்போட்டு, வெறும் நம்பரை மட்டும் ஒட்டிக் கொடுத்திருந்தார். எந்த நம்பர் யாருடையது என்கிற விவரம் அரக்கு வைத்த உறைக்குள், டாக்டரின் மேஜை டிராயரில் பத்திரமாக இருந்தது.

"நல்ல சேதிதானே அக்கா. உங்க முகம் ஏன் இப்படித் தொங்குது?"

"வார்டுல எல்லாருக்கும் ஊசி ஏறியாச்சு. அவங்க கோடெல்லாம் மங்கலாத்தான் விழுது. இது மருந்தே பார்க்காத ரத்தம், டாக்டர். யாரோ தனக்கு என்னன்னு தெரியாமலே நடமாடிட்டு இருக்காங்க."

"வார்டுல புதுசா வந்த கேஸா இருக்கும். ஊசிக்கு முன்னாடி எடுத்திருப்போம். இந்நேரம் போட்டிருப்பாங்க."

"நோயில்லாதவங்கன்னு எடுத்தீங்களே, அதுல ஒருத்தரா இருந்தா?"

டாக்டர் சிரித்தார். "அவங்களா? ஒவ்வொருத்தரையும் நானே நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துப் பொறுக்கினேன். ஊசியைப் பார்த்ததும் நம்ம வாட்ச்மேன் ஓடின ஓட்டம் ஞாபகம் இல்லையா? நோயாளி அப்படியா ஓடுவான்?"

"இருக்கும், போட்டிருப்பாங்கன்னு எதுக்கு டாக்டர்? உறையைப் பிரிச்சா தெரிஞ்சிடப் போகுது."

"பிரிச்சா கட்டுரை போச்சு. நாற்பதும் முடியிறவரை யாரும் பிரிக்கக் கூடாதுன்னு விதி எழுதினதே நான்தான். இன்னும் எத்தனை பாக்கி?"

"பதிமூணு. வெள்ளிக்கிழமை ஆயிடும்."

"ரெண்டு நாள்தானே."

"எலிக் காய்ச்சல்ல ரெண்டு நாளைச் சின்னதுன்னு நீங்களே சொல்லலாமா? இப்பவே மருந்து போனா ஒண்ணுமில்லை. விட்டா கிட்னியைப் பிடிச்சிடும்." அவள் குரல் தாழ்ந்தது. "அந்த ஒரு நம்பரை மட்டும் பார்த்துட்டு ஒட்டிடலாம். நான் வெளியில மூச்சு விடமாட்டேன்."

"அக்கா, நீங்க என்னைவிட நல்லவங்க. அதனாலதான் இன்னும் இந்த லேப்லயே இருக்கீங்க."

அவள் கையுறையைக் கழற்றி, மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

மேஜைமேல் கைபேசி அடித்தது. மனைவி.

"என்னங்க, சின்னது முறுக்கிக்கிட்டுப் படுத்திருக்கு. பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு ஏமாத்திட்டீங்களாம். சாப்பாடு வேண்டாமாம், கால் வேற வலிக்குதாம்."

"பூங்காவுக்கே போகாத கால் எப்படி வலிக்கும்? பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வழி பார்க்குது. வெள்ளிக்கிழமைவரைக்கும் சமாளி. அப்புறம் கேட்டதெல்லாம் வாங்கித் தர்றேன்னு சொல்லு."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. அந்தப் பட்டியல்ல எங்களுக்கும் ஒரு நம்பர் போட்டு வையுங்க. அப்பவாவது திரும்பிப் பார்ப்பீங்க."

"வை, வை. வேலை இருக்கு."

அதற்குப் பிறகு லேப் அக்கா இருபத்தேழைப் பற்றிப் பேசவில்லை. சாப்பாட்டு வேளையிலும் எழுந்திருக்காமல், ஒன்றன்பின் ஒன்றாகக் குப்பிகளைத் திறந்தபடி இருந்தாள். பதிமூன்றை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் அந்த உறை திறக்கும் என்பது அவள் கணக்கு. ஆனால் ஒவ்வொரு பட்டையும் தனக்கான நேரத்தை எடுத்துக்கொண்டுதான் கோடு காட்டியது.

வெள்ளிக்கிழமை மதியம் நாற்பதாவதும் முடிந்தது. காலையிலிருந்து மூன்று முறை மனைவி அழைத்திருந்தாள். மூன்று முறையும் டாக்டர் துண்டித்திருந்தார். இப்போது நான்காவது முறை. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு டிராயரைத் திறந்தார்.

"முதல்ல இருபத்தேழு, டாக்டர்," என்றாள் லேப் அக்கா. வார்டுக்கு ஓடத் தயாராக, மருந்துச் சீட்டும் பேனாவும் அவள் கையில் இருந்தன.

"உங்க திருப்திக்குப் பார்த்துடலாம்." அரக்கை உடைத்தார். ரத்தம் எடுத்த அன்று குப்பிகளோடு இணைத்திருந்த சம்மதச் சீட்டுகளைக் குமாஸ்தா பிரித்தெடுத்து, நம்பர் வரிசையில் அழகாக ஒட்டியிருந்தார். டாக்டர் மூன்றாவது தாளைப் புரட்டி, விரலை இருபத்தேழில் வைத்தார்.

நோயில்லாதவர். பெண். வயது ஒன்பது.

"குழந்தையா?" லேப் அக்கா பதறினாள். "பெத்தவங்க யாருன்னு சொல்லுங்க, உடனே போன் போடறேன்."

விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. 'சம்மதம் தந்த தகப்பனின் கையெழுத்து' என்று அச்சிட்டிருந்த இடத்தில், டாக்டரின் சொந்தக் கையெழுத்தே இருந்தது.