நீலம் பூசிய வயல்

றுஸைனாவுக்கு இடுப்பு விண்விண் என்று வலிக்கிறது. அலுவிகாரைக் குன்றுக்குக் கீழே, தன் வயலின் முழங்கால் சேற்றில், கையில் நாற்றுக்கட்டோடு நிமிர்ந்து நிற்கிறாள். பக்கத்து வயல்காரி நிரோஷாவும் காலையிலிருந்து அவளோடு குனிந்து நடுகிறாள். இவர்களுக்குள் கூலி இல்லை, உழைப்புக்கு உழைப்புத்தான். வரம்பில் நிற்கும் சுற்றாடல் அதிகாரி மோகனராஜ் டெப்லட்டைத் திருப்பிக் காட்டுகிறார். செய்மதிப் படத்தில் இந்த வயல் முழுக்க நீலம்: பாதுகாக்க வேண்டிய சதுப்பு நிலம். திரையில் பட்ட வெயில் றுஸைனாவின் கண்ணில் அடிக்கிறது. “நடுறத நிப்பாட்டுங்க அக்கா.” “இது வயல் சேர்,” என்கிறாள் றுஸைனா. “தெரியுது. உழவுக்குத் தண்ணி கட்டியிருந்த நேரம் படம் எடுத்துட்டாங்க. நேர்ல யாரும் வந்து பார்க்கல்ல, மெப்பும் பாஸாகிருச்சு. திருத்துறதுக்கு அடுத்த வருஷம் ஆகும்.” “செய்மதிக்குத்தான் கால் இல்ல. உங்களுக்குமா இல்ல? இறங்கிப் பாருங்க!” “விடு றுஸைனா, சேரோட சப்பாத்து நனைஞ்சிரும்,” என்கிறாள் நிரோஷா. அவர் சிரிக்கவில்லை, இறங்கவுமில்லை. வயல் என்று தெரிந்தே நிறுத்துகிறார். பாதி வயல் பச்சை, பாதி வெறும் சேறு. பிடுங்கிய நாற்று வரம்பில் வாடுகிறது. நிரோஷா வாய்க்காலில் கால் கழுவுகிறாள். வயல் விளையாவிட்டாலும் அவள் குனிந்தது குனிந்ததுதான். றுஸைனா அவளுக்கு ஒரு நாள் நடவு கடன்பட்டிருக்கிறாள்.