பதினாறாம் நாள் அடை

பதினாறாம் நாள் படையலில் கோகுலனுக்குப் பிடித்ததை வைக்க வேண்டும்.

"அப்பாவுக்கு என்னம்மா பிடிக்கும்?" என்றாள் மகள் இதழினி.

பவித்ராவுக்குச் சொல்லத் தெரியவில்லை. உடல் எடை கூடாமலிருக்க, இருபது வருடங்களாக வீட்டில் மூவருக்கும் வாரம் ஒரு பசியடக்கும் ஊசி. அதன் பிறகு யாருக்கும் பசித்ததில்லை. காலையில் நடை, அளந்த பருப்பு, அளந்த காய். கோகுலன் எதையும் கேட்டதில்லை. எதையும் வேண்டாம் என்றதும் இல்லை.

இதழினி கைபேசியில் அப்பாவின் உணவுக் குறிப்பைத் தேடினாள். எல்லா நாட்களும் ஒன்றுபோல் இருந்தன. முதல் ஊசிக்கு முன் மருத்துவமனை கேட்ட கேள்விகளும் அதில் இருந்தன.

"எந்த உணவை விடுறது கஷ்டம்னு கேட்டிருக்காங்கம்மா. 'பவி சுடும் அடை, ஓரம் முறுகலாக'ன்னு எழுதியிருக்கார்."

பவித்ரா கைபேசியை வாங்கி அந்த வரியைப் படித்தாள்.

"ஒரு நாளாவது உன்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றாள் இதழினி.

"பசிச்சாத்தானேடி கேப்பார்."

எழுந்து அரிசியையும் பருப்பையும் ஊறவைத்தாள். மதியம் அடை சுட்டாள். ஓரம் முறுகியது. காக்கை வந்து தின்றது. அடுத்து வீட்டார் சாப்பிட வேண்டும். பவித்ரா ஒரு விள்ளலை வாயிலிட்டு வெகுநேரம் மென்றாள்.

"நல்லா இருக்காம்மா?"

"தெரியலையேடி" என்று அழுதாள்.