பழக்கதோஷம்

"கூடையை எடும்மா. இன்னிக்கு ஒரு நாள் இந்தப் பக்கம் தலையைக் காட்டக் கூடாது."

நகராட்சி அதிகாரி ஃபுல்ஹென்சியோ சொன்னதும், தெயோலிந்தா கூடைமேல் இருந்த துணியை இன்னும் இறுக்கிச் செருகினாள். உள்ளே அறுபது சிப்பா. மரவள்ளி மாவில் பாலாடைக்கட்டி பிசைந்து, விடியற்காலையில் வளையம் வளையமாகச் சுட்டது. ஆறிப்போனால் கல்.

"பதினாறு வருஷமா இந்த மைதான வாசல்லதான் விக்கறேன், ஐயா. இன்னிக்கு மட்டும் நான் என்ன அசிங்கமாயிட்டேன்?"

"கால்பந்துக் கோப்பைப் போட்டியை எந்த ஊருக்குக் கொடுக்கலாம்னு பார்க்க நாலு பேர் வர்றாங்க. பராகுவேயில மூணு ஊர் மோதுது. அவங்க பார்க்கறது மைதானம், ஓட்டல், ரோடு, ஆஸ்பத்திரி. கூடை சுமக்கிற பொம்பளையை எந்தக் கட்டத்துல எழுதுவாங்க?"

அவர் அக்குளில் நூற்றுப் பன்னிரண்டு பக்கக் கோப்பு இருந்தது. அதில் எங்கேயும் அவள் இல்லை.

குழுவை அழைத்துவரப் போகும் புதுப் பேருந்து பக்கத்தில் நின்றது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓட்டுநர் சிரிலோ, துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

தெயோலிந்தா கூடையைத் தலையில் ஏற்றி நடந்தாள். தெருத் தெருவாக அலைந்தும் பத்துகூட விற்கவில்லை. நடுப்பகலில் பெட்ரோல் பங்க் முனைக்கு வந்தபோது, அதே பேருந்து குழுவோடு எதிரே வந்தது. காற்றில் கூடை ஆட, பிடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள்.

பேருந்து கிறீச்சென்று நின்றது. கதவு திறந்தது.

"சீக்கிரம் ஏறுங்கக்கா!" என்றான் சிரிலோ.

டவுன் பஸ்களில் ஏறி விற்றுப் பழகிய எந்தச் சிப்பாக்காரியின் கால்தான் திறந்த பேருந்துக் கதவைப் பார்த்தபின் நிற்கும்? ஏறிய பிறகுதான் ஃபுல்ஹென்சியோவின் முகம் அவள் கண்ணில் பட்டது.

"என்னடா பண்றே?" என்று அவர் ஓட்டுநரின் காதருகே சீறினார். "இது என்ன டவுன் பஸ்ஸா?"

"பழக்கதோஷம், ஐயா. இருபது வருஷமாச்சே. கூடைக்காரங்க கையைத் தூக்கினா கால் தானா பிரேக்குக்குப் போயிடுது."

குழுத் தலைவி மூக்கை உறிஞ்சினாள். "என்ன வாசனை இது?"

"அது ஒண்ணுமில்லைம்மா. ஓட்டல் அறைகளோட பட்டியல் எழுபதாம் பக்கத்துல..."

"ஃபைலை மூடி வைங்க சார். எண்ணெய் பட்டுடும்."

அதற்குள் தலைவியின் கையில் சிப்பா இருந்தது. மைதானம் வருவதற்குள் நாலு பேருமாகப் பதினேழு சாப்பிட்டார்கள்.

"உள்ளே எங்கே உட்கார்ந்தா ஆட்டம் நல்லாத் தெரியும்?" என்று தலைவி வாயில் சிப்பாவோடு கேட்டாள்.

"நான் உள்ளே போனதே இல்லைம்மா. ஆனா வெளியில நின்னு சத்தத்தைக் கேட்டே யாரு கோல் போட்டாங்கன்னு சொல்லிடுவேன்."

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. ஓட்டல் குறைவு, ரோடு சுமார் என்று எழுதிய குழு, கடைசியில் இப்படி முடித்திருந்தது: 'விருந்தாளியைத் தேடி ரொட்டி பேருந்தில் ஏறி வருகிற ஊர் இது ஒன்றுதான்.'

ஊர் ஜெயித்தது.

தொலைக்காட்சியில் ஃபுல்ஹென்சியோ சொன்னார்: "அது தற்செயல்னு நினைச்சீங்களா? நாங்க நாலு மாசம் உட்கார்ந்து யோசிச்ச திட்டம்!"

மைதான வாசலில் மூன்று மாடி உயரத்துக்குத் தெயோலிந்தாவின் படம் ஏறியது. தலையில் கூடை, முகத்தில் சிரிப்பு.

இரண்டு வருடம் கழித்து, போட்டி தொடங்கும் நாள். தெயோலிந்தா மருமகளையும் கூட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கச் சுட்ட முந்நூறு சிப்பாவைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மேலே கூடையும் வைத்து வந்தாள். காவலாளி மறித்தான்.

"ரெண்டு கிலோமீட்டருக்கு உள்ளே விளம்பரம் கொடுத்த கம்பெனியோட பிஸ்கட் மட்டும்தான் விக்கலாம்."

"மேலே பாரு தம்பி. அது யாரு?"

அவன் அண்ணாந்து படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"நீங்கதான். படத்துக்கு அனுமதி இருக்கு. கூடைக்கு இல்லை."

அவன் நீட்டிய உத்தரவில் யார் கையெழுத்து என்று அவள் கேட்கவில்லை. கீழே ஃபுல்ஹென்சியோவின் பெயர் பெரிதாகவே இருந்தது.

இரண்டு கிலோமீட்டரும் திரும்பித் தள்ளினாள். எல்லைக்கோடு அந்தப் பெட்ரோல் பங்க் முனையில் முடிந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றினாள். இந்தத் தடவை இரண்டு கையையும் இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள். எதற்கு வம்பு?

பேருந்து வந்தது. கிறீச்சென்று நின்றது. கதவு திறந்தது.

"வந்துட்டாங்க!" என்று உள்ளே குழுத் தலைவி கூவினாள். வெளிநாட்டு விருந்தினர் நாற்பது பேர் கைதட்டினார்கள். முதலில் தட்டியவர் ஃபுல்ஹென்சியோ. வேறென்ன செய்வார்? அவருடைய திட்டமாயிற்றே!

ஐந்து நிமிடத்தில் கூடை காலி.

"நாளைக்கும் இங்கேயே நில்லுங்கக்கா" என்றான் சிரிலோ. "போட்டி முடியற வரைக்கும் தினம் எட்டு நடை இந்த வழிதான்."

இறங்கப் போனவள் படியில் நின்றாள்.

"இன்னிக்கு நான் கையைத் தூக்கவே இல்லையே தம்பி. இருபது வருஷம் எந்த ஊர் பஸ் ஓட்டினே? பழக்கம் இப்படி ஊறிப்போயிருக்கே!"

சிரிலோ அதிகாரியை ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"பஸ்ஸா? நான் ஓட்டினது பிண வண்டி, அக்கா. அதுல சிப்பா விக்க யாரும் ஏறினதில்லை."