பாத்துக்கலாம்

அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தாள். குடிக்காமலேயே மறுபடி மூடினாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் டைரக்டர் கனகசபை காத்திருந்தார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

“வெள்ளிக்கிழமையே ஜெபசிங் உங்ககிட்ட சொன்னாரா, இல்லையாம்மா?”

சொன்னான்.

லிஃப்ட் வாசலில் வைத்துச் சொன்னான். அவள் காதில் போன், கையில் கார் சாவி. லிஃப்ட் கதவு மூடிக்கொண்டிருந்தது.

“மேடம், மூணாம் நம்பர் ரூம்ல குளிர் நிக்க மாட்டேங்குது. மெக்கானிக்க வரச் சொல்லணும்.”

மருந்துக் கிடங்கின் குளிர் அறை அது. இன்சுலின் வைக்கிற இடம். அவள் ஒப்புதல் இல்லாமல் மெக்கானிக் வரமாட்டார். அதனால்தான் ஓடிவந்து அவளிடம் சொன்னான்.

அவள் சிரித்தாள். நன்றாகவே ஞாபகம் இருக்கிறது, சிரித்தபடிதான் சொன்னாள்.

“பாத்துக்கலாம் ஜெபசிங்.”

அடடா, என்ன ஒரு சொல்! முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மனசு வரவில்லையா? பாத்துக்கலாம். சரி என்று சொல்லிச் செய்ய நேரமில்லையா? பாத்துக்கலாம். யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது, எதுவும் அதில் கிடையாது. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே பதினோரு வருஷம் டீமை ஓட்டிவிட்டாள். நல்ல மேடம், யார் மேலும் எரிந்து விழமாட்டார் என்று பெயரும் வாங்கிவிட்டாள்.

லிஃப்ட் இறங்கியது. தரைத்தளம் வருவதற்குள் மறந்துவிட்டாள்.

ஜெபசிங் மறக்கவில்லை. ஆனால் மறுபடி கேட்கவும் இல்லை. ஒருமுறை சொல்லியாகிவிட்டது. திரும்பத் திரும்பக் கேட்டால் மேடத்தை நம்பாத மாதிரி ஆகிவிடாதா? சனிக்கிழமை முழுக்க, இதோ மெக்கானிக் வருவார், அதோ வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

திங்கள் காலை அறையைத் திறந்தார்கள்.

எட்டு டிகிரியைத் தாண்டக் கூடாது. பத்தொன்பது காட்டியது.

அறை முழுக்க இருந்த இன்சுலின் வீணாய்ப் போனது. மூன்று மாவட்டத்து ஆஸ்பத்திரிகளிலிருந்து போன் மேல் போன்.

யாராவது ஒருவர் வேலையை விட்டுப் போகவேண்டும். டைரக்டர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மேஜைமேல் ஜெபசிங்கின் ஃபைலை எடுத்து வைத்திருந்தார்.

“சொல்லுங்கம்மா.”

சொன்னான் என்றால் அடுத்த கேள்வி, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது. பிறகு அந்த மேஜைமேல் இருப்பது அவள் ஃபைலாக இருக்கும்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஜெபசிங் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தான். போன மாதம்தான் மகளை நர்சிங்கில் சேர்த்தான். ஆபீஸ் முழுக்க இனிப்பு கொடுத்தான். முதல் துண்டு அவளுக்கு.

அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

“எழுத்துல எதுவும் இல்ல சார்.”

பொய் இல்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சீ என்றிருந்தது அவளுக்கே.

டைரக்டர் தலையாட்டினார். ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அப்ப அஞ்சு மணிக்குள்ள அவருக்கு லெட்டர் குடுத்துரலாம்.”

மணி நாலு பத்து.

வெளியே வந்தாள். ஜெபசிங் எழுந்து நின்றான். நாற்பத்தைந்து வயசு ஆள், பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பவனைப் போல நின்றான்.

“மேடம்?”

பக்கத்து மேஜைகளில் கீபோர்டு சத்தம் நின்றது.

சொல்லித் தொலைத்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். பழகின வாய் முந்திக்கொண்டது.

“பாத்துக்கலாம் ஜெபசிங்.”

அவன் முகம் தெளிந்தது. அந்த முகத்தை அவள் பார்க்காமலே போயிருக்கலாம்.

தன் அறைக்கு நடந்தாள். நாலு அடி வைப்பதற்குள் பின்னால் அவன் குரல் கேட்டது. போனில் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தான். தணிந்த குரல்தான். ஆனாலும் கேட்டது.

“ஒண்ணும் ஆகாது, நீ அழாத. மேடம் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க.”

அவள் நின்றுவிட்டாள்.

பாத்துக்கிறேன்.

அவள் அப்படிச் சொல்லவே இல்லையே. வெள்ளிக்கிழமையும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை. அவன் காதில் மட்டும் இரண்டு தடவையும் அப்படித்தான் விழுந்திருக்கிறது.

பதினோரு வருஷத்தில் இன்னும் எத்தனை பேர் காதில் விழுந்ததோ.

திரும்பி நடந்தாள். தட்டாமலே கதவைத் திறந்தாள்.

“சார், நான் முழுசாச் சொல்லல. அவர் சொன்னார். வெள்ளிக்கிழமையே என்கிட்ட வாயால சொன்னார்.”

டைரக்டர் லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. விரல்கள் ஒரு நொடி நின்று, மறுபடி தட்டத் தொடங்கின.

“லெட்டர் பாதி அடிச்சாச்சும்மா. இப்பப் போய் இதையெல்லாம் கிளறிக்கிட்டு. நீங்க போங்க.”

அவள் போகவில்லை.

அவர் நிமிர்ந்தார். கோபமே இல்லை. சிரித்தபடிதான் சொன்னார்.

“அப்புறம் பாத்துக்கலாம்மா.”

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“யாரு சார் பாக்கறது?” என்றாள்.