ஆயா தேவை

லாயாங் லாயாங் ஸ்டேஷனில் ரயில் நின்றதும் முதலில் கேட்டது பிள்ளைகளின் கூச்சல்தான். கதிரேசுவின் காதுக்கு அது கல்யாண மேளம் போல இருந்தது. பிள்ளைகள் வந்தால் பெற்றவர்களும் வந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அப்பாடா, உத்தியோகம் தப்பியது.

யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து தோட்டத்துக் கிராணி வேலைக்கு, அதாவது ஆபீஸில் கணக்கெழுதும் உத்தியோகத்துக்கு, வந்து அவருக்கு ஒரு வருஷம்தான் ஆகிறது. ரப்பர் விலை ஏறிக்கொண்டே போகிற காலம். மரம் இருந்தது, பால் வெட்டத்தான் ஆள் இல்லை. இந்தத் தடவையும் ஆள் வராவிட்டால் நீ கப்பலேறி வீட்டுக்குப் போ என்று துரை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஊரில் தங்கை சத்தியபாமாவின் கல்யாணம் இவருடைய சம்பளத்தைத்தான் நம்பிக்கொண்டிருந்தது.

ஆள் கூட்டிவரத் தமிழ்நாட்டுக்குப் போகும் கங்காணி மணியத்திடம் ஒரு நோட்டீஸ் கொடுத்தனுப்புவார்கள். அவன் அதைச் சந்தையில் நின்று உரக்க வாசிப்பான். அதை எழுதுவது கதிரேசுவின் பொறுப்பு. முதல் தடவை 'பால்மரத் தொழிலாளர் தேவை' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டார். கூலி என்று எழுதாமல் விட்டதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. மணியம் வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

"ஊரில என்னதான் கேக்கினம்?" என்று கதிரேசு அவனைப் பிடித்துக்கொண்டார்.

"ஆம்பளைங்க வரத் தயார்தான் ஐயா. பொம்பளைங்க விடமாட்றாங்க. நம்ம தோட்டத்துப் பேரைச் சொன்னாலே புள்ளைங்களைப் பத்தித்தான் கேக்குறாங்க."

மேலே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் கதிரேசுவுக்குத் தன் மூளைமேல் அபார நம்பிக்கை. வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்கிற கவலைதான் அது என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டார். தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருப்பது அவருக்குத் தெரியும். கூலியும் வேண்டாம் தொழிலாளரும் வேண்டாம், 'ஆயா தேவை' என்று தலைப்பை மாற்றினார். மற்ற வேலையெல்லாம் அடியில் பொடி எழுத்துக்குப் போயிற்று.

"எத்தனை பிள்ளையளைப் பாக்கிறதுக்கு எண்டும் எழுதவேணும். சொல்லு மணியம், எத்தனை?"

மணியம் வெற்றிலையை மென்றபடி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். "நாப்பதுன்னு போடுங்க ஐயா."

போட்டார். கூலிகள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டே எழுதியிருக்கலாம். ஆனால் ஆபீஸ் மேட்டில் இருந்தது, கூலி லயம் பின்பக்கத்துப் பள்ளத்தில் இருந்தது. கிராணிமார் அங்கே இறங்குவது கௌரவக் குறைச்சல். வேலை கற்றுக்கொள்வதற்கு முன்பே கதிரேசு இதைக் கற்றுக்கொண்டுவிட்டார்.

இப்போது பார்த்தால் ஸ்டேஷன் கொள்ளாத ஜனம். கூட்டத்திலிருந்து ஒருத்தி, இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒன்றுமாக, முன்னால் வந்து கும்பிட்டாள். பேச்சியம்மாள் என்று பெயர் சொன்னாள்.

"நான்தாங்க ஆயா. நீங்கதான அந்த நோட்டீஸை எழுதினவங்க?"

"ஓம், நான்தான்."

"எங்க மாமியா அனுப்பவே மாட்டேன்னு நின்னாங்க. நாப்பது புள்ளைங்க இருக்குற எடம்னு கங்காணி வாசிச்சப்பறம்தான் சரின்னாங்க. என்னையப் பாத்து எங்க தெருவே கப்பலேறிருச்சுங்க. நீங்க நல்லா இருக்கணும்."

கதிரேசுவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரே ஒரு தலைப்பு, ஒரு தெருவையே கடல் தாண்டிக் கொண்டுவந்துவிட்டதே! லாரியில் தோட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் துரையிடம் இதை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார்.

லாரியை விட்டு இறங்கியதும் பேச்சியம்மாள் மூட்டையைக்கூட அவிழ்க்கவில்லை. "கொட்டகையைப் பாத்துட்டாத்தாங்க எனக்குச் சோறு எறங்கும்" என்றாள். அந்த சந்தோஷத்தில் கதிரேசு கௌரவத்தை மறந்து அவளோடு பள்ளத்தில் இறங்கினார். மற்றப் பிள்ளைகளும் வேடிக்கை பார்க்கக் கூடவே ஓடிவந்தன. மணியம் எல்லாருக்கும் பின்னால் வந்தான்.

லயத்துப் பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். புதுசாக வந்தவர்களை ஒருத்தியும் வாங்க என்று சொல்லவில்லை. ஓடிவந்த பிள்ளைகளைக் கண்டதும் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். என்ன திமிர் என்று கதிரேசு நினைத்துக்கொண்டார்.

கொட்டகையைப் பெருக்கி மெழுகிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். உத்தரத்தில் வரிசையாகத் தூளிகள் தொங்கின. எல்லாம் காலி. பேச்சியம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. கைக்குழந்தையை முதல் தூளியில் கிடத்தி ஒரு ஆட்டு ஆட்டினாள். பிறகுதான் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"புள்ளைங்கள்லாம் எங்கங்க?"

கதிரேசுவுக்கு என்ன தெரியும்? திரும்பி மணியத்திடம் கேட்டார்: "எங்கை மணியம், இவ பாக்கவேண்டிய பிள்ளையள்?"

வாசலில் புதுப் பிள்ளைகள் ஒன்றையொன்று துரத்தி விளையாடிக்கொண்டிருந்தன. மணியம் கதிரேசுவின் அருகில் வந்து, பேச்சியம்மாளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

"முன்னால இருந்த நாப்பதுல ஒண்ணுகூட காய்ச்சலுக்குத் தப்பல ஐயா. இனிமே இதுங்கதான்."